மங்கிய ஒளியை அளந்த மேதை
(சென்னை வானாய்வு நிலைய அதிபர் நோர்மன் பொக்சன் வரலாறு)

பனிமூட்டம் விலகிய இரவொன்றில் தெமோதரைப் புகையிரத நிலைய மேடையில் நின்று வானத்தை நோக்கியோர்க்கு அதன் மாட்சியை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சூழவுள்ள மலைகள் நகரங்களின் வெளிச்சத்தைத் தடுக்க, தலைக்குமேல் எண்ணிறந்த விண்மீன்கள் சுடர்விட்டு நிற்கும். திருவாதிரை, கேட்டை முதலிய பேரொளி மீன்களை நாம் எளிதில் இனங்கண்டு கொள்கிறோம். அவற்றின் இடையிடையே, கண் கூர்ந்து நோக்கினாலன்றித் தோன்றாத சின்னஞ்சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருட்படுத்துவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராக, அத்தகைய மங்கிய ஒளிகளை அளப்பதிலும் எண்ணுவதிலும் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டவர் நோர்மன் றொபேட் பொக்சன் என்னும் ஆங்கிலேயர்.

அவர் பிறந்தது இங்கிலாந்து; உழைத்து மறைந்ததோ தமிழ் வழங்கும் சென்னை மாநகர். நியூற்றன், ஹேர்ஷல் போன்ற பெரியாரின் வரலாறுகளை நம் மாணவர் பாடநூல்களிற் கற்கின்றனர். நமக்கு இத்துணை அண்மையில், கடலுக்கு அப்பால், முப்பது ஆண்டுகள் வானத்தைக் காவல் செய்த பொக்சனைப் பற்றி அறிந்தோர் நம்மிடையே அரியர். இக்குறையை ஓரளவு நீக்குவதே கல்லூரி விழா மலரில் இக்கட்டுரையை வரைவதன் நோக்கம்.

இளமைக் காலம்

பொக்சன் 1829ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள நொட்டிங்காம் நகரிற் பிறந்தார். தந்தையார் காலுறையும் பின்னற் பட்டியும் விற்கும் வணிகர். பிள்ளைகள் நிறைந்த பெருங்குடும்பத்தின் தலைவர். மைந்தனும் தம் வணிகத்தையே தொடர வேண்டும் என்பது அவரது விருப்பம். ஆனால் மைந்தனின் உள்ளமோ கணிதத்திலும் இயற்கை அறிவிலும் ஊன்றி நின்றது. பதினாறு வயதளவிற் பள்ளிப்படிப்பு முடிந்தது. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவர் பெற்றாரல்லர். யோன் றசல் ஹைண்ட் என்னும் வானநூல் வல்லாரின் துணைகொண்டு, பதினெட்டாம் வயதிலேயே வால்வெள்ளிகளின் பாதையைக் கணிக்கும் திறம் பெற்றார். அக்கணிப்புத் திறமே அவருக்கு வானாய்வு நிலையங்களின் வாயில்களைத் திறந்துவிட்டது. முதலில் இலண்டனில் ஒரு தனியார் நிலையத்திலும், பின்னர் ஒக்ஸ்போட் நகரத்து றட்கிளிவ் நிலையத்திலும் உதவியாளராக அமர்ந்தார்.

அக்காலத்தில் வானநூலார் பலரும் சிறுகோள்களைத் தேடுவதில் முனைந்திருந்தனர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஞாயிற்றைச் சுற்றிவரும் இச்சிறு பாறை உலகங்கள் தொலைநோக்கியிற் காணும்போதும் விண்மீன்களைப் போன்ற புள்ளிகளாகவே தோன்றும். விண்மீன்கள் தம்முள் இடம் மாறுவதில்லை. சிறுகோளோ இரவுக்கு இரவு சற்றே நகரும். ஆகவே வானத்தின் ஒரு பகுதியிலுள்ள புள்ளிகள் அனைத்தையும் படமாக வரைந்துகொண்டு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒப்பிட்டு நோக்கி, நகர்ந்த புள்ளி யாது என்று தேட வேண்டும். நிழற்படக் கருவி இப்பணிக்கு வாராத அந்நாளில் கண்ணும் கையும் பொறுமையுமே கருவிகள். இம்முறையில் பொக்சன் 1856ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐசிஸ் என்னும் சிறுகோளையும், 1857இல் அரியாட்னே, ஹெஸ்டியா என்னும் இரண்டையும் கண்டறிந்தார். பிரெஞ்சு அறிவியற் கழகம் லலாண்ட் பதக்கத்தை வழங்கி அவரைப் பாராட்டியது.

ஒளிக்கு ஓர் அளவுகோல்

1856ஆம் ஆண்டு வேறொரு வகையாலும் அவர் வாழ்விற் சிறந்தது. பண்டைக் கிரேக்க வானநூலார் கண்ணுக்குப் புலனாகும் விண்மீன்களை ஆறு தரங்களாக வகுத்திருந்தனர். மிக்க ஒளியுடையவை முதலாந் தரம். அரிதிற் காணத்தக்கவை ஆறாந் தரம். இப்பகுப்பு இரண்டாயிரம் ஆண்டளவாக வழங்கி வந்தது. எனினும் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்பதற்குத் திட்டமான விதி இருக்கவில்லை. தொலைநோக்கியினாற் புதிய மங்கல் மீன்கள் பெருகப் பெருக, ஒவ்வொருவரும் தத்தம் மனம்போனபடி தரம் கூறலாயினர். ஒருவர் ஒன்பதாந் தரம் என்பதை மற்றொருவர் பத்தாந் தரம் என்பார்.

பொக்சன் இக்குழப்பத்துக்கு எளியதொரு முடிவு கூறினார். முதலாந் தர மீன் ஆறாந் தர மீனினும் ஏறக்குறைய நூறு மடங்கு ஒளியுடையது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. இடையிலுள்ள ஐந்து படிகளும் சமவிகிதமாயின், ஒவ்வொரு படியும் 2.512 மடங்காக அமையும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். முதலாந் தர மீன் ஒன்றின் ஒளியை ஒரே அளவான நூறு விளக்குகளுக்கு ஒப்பிடுவோமாயின், இரண்டாந் தரம் ஏறத்தாழ நாற்பது விளக்குகளுக்கும், மூன்றாந் தரம் பதினாறுக்கும், நான்காந் தரம் ஆறுக்கும், ஐந்தாந் தரம் இரண்டரைக்கும், ஆறாந் தரம் ஒரேயொரு விளக்குக்கும் ஒப்பாகும். மடக்கை வாய்பாட்டைக் கொண்டு கணிப்பார்க்கு இவ்விகிதம் மிக வசதியானது என்பதும் அவர் இதனைத் தெரிந்தமைக்கு ஒரு காரணம்.

இவ்விதியை உலகம் உடனே ஏற்றதன்று. பல ஆண்டுகள் சென்ற பின்னரே அது எங்கும் நிலைபெற்றது. இன்றோ விண்வெளியில் மிதக்கும் தொலைநோக்கிகள் காணும் மிக மங்கிய பொருளின் ஒளியும் பொக்சன் விகிதத்தினாலேயே குறிக்கப்படுகிறது. பதவியிற் சிறிய உதவியாளர் ஒருவர் இருபத்தேழாம் வயதில் வகுத்த அளவுகோல் அது.

சென்னைக்கு வருகை

ஹாட்வெல் என்னுமிடத்திலிருந்த தனியார் நிலையத்தைச் சிறிது காலம் நடத்திய பின், 1860இல் பொக்சன் சென்னை அரசாங்க வானநூலாராக நியமனம் பெற்றார். 1861ஆம் ஆண்டின் தொடக்கத்திற் குடும்பத்துடன் சென்னையை அடைந்தார்.

சென்னை வானாய்வு நிலையம் நெடிய வரலாறு உடையது. வில்லியம் பெட்ரி என்பவர் 1786இல் எழும்பூரிலுள்ள தம் இல்லத்தில் அமைத்த நிலையமே அதன் வித்து. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்குவதற்கு அங்கு நிறுத்தப்பட்ட பெரிய கருங்கற் றூணில் தமிழிலும் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டுள்ளது. இந்தியப் புகையிரதங்கள் நெடுங்காலம் பின்பற்றிய சென்னை நேரம் இந்நிலையத்து மணிக்கூட்டின் நேரமேயாகும். அது கிறீனிச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முற்பட்டது.

பொக்சன் வந்து சில கிழமைகளே சென்றன. 1861ஆம் ஆண்டு ஏப்பிரில் 17ஆம் நாளிரவு புதியதொரு சிறுகோள் அவர் கண்ணிற் பட்டது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. ஆதலால் அதற்கு ஏசியா என்றே பெயரிட்டார். தொடர்ந்து 1864இல் சப்போவும், 1866இல் சில்வியாவும், 1868இல் கமில்லாவும், 1885இல் வேராவும் சென்னையிற் கண்டறியப்பட்டன. ஒக்ஸ்போட்டிற் கண்டவற்றோடு சேர்த்து மொத்தம் எட்டு. இவற்றுட் சில்வியா பிற்காலத்தாரை வியக்க வைத்தது. அதனைச் சுற்றி இரண்டு துணைக்கோள்கள் உலவுவதை 2005இல் அறிஞர் வெளியிட்டனர். ஒன்றுக்கு மேற்பட்ட துணைக்கோள் உடையதென அறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவே.

ஒளி கூடிக் குறையும் மாறொளி மீன்களிலும் அவருக்கு அளவிறந்த ஈடுபாடு இருந்தது. 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் விருச்சிக இராசியில், முன்னர் எந்தப் படத்திலும் இல்லாத ஒரு மீன் தோன்றியதைக் கண்டார். சில நாட்களில் அது மங்கி மறைந்தது. பிறர் இதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. அம்மீன் மீண்டும் மீண்டும் வெடித்தெழும் இயல்புடையது என்பது இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. 1979, 1987, 1999, 2010, 2022 ஆகிய ஆண்டுகளிலும் அது எழுந்து தோன்றியது. அடர்த்தி மிக்க ஒரு வெண்குறு மீன் தன் துணைமீனிலிருந்து வாயுவைக் கவர்ந்து சேர்த்து, அது மிகுந்தபோது வெடித்து ஒளிர்கிறது என்பது இன்றைய விளக்கம். தெமோதரையில் நிலையத்தை விட்டுச் செல்லும் பாதை மலையைச் சுற்றி வந்து அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைவதை நாம் காண்கிறோம். போயிற்று என்று எண்ணிய புகையிரதம் மீளவும் காலடியில் ஒலிப்பதுபோல, மறைந்தது என்று எண்ணிய அம்மீன் மீண்டு வந்து பொக்சனின் சொல்லை மெய்ப்பித்தது.

இரகுநாதாச்சாரியாரும் கிரகணங்களும்

பொக்சனின் பணிகளைக் கூறுமிடத்து அவருக்கு வலக்கையாக விளங்கிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியாரைக் கூறாதொழிதல் நன்றியாகாது. நிலையத்தின் முதல் உதவியாளராயிருந்த அவர் 1867ஆம் ஆண்டு சனவரியில் தென்வானத்திலுள்ள ஒரு மீன் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் வானநூற் கழகத்தின் உறுப்பினராகும் பேறும் பெற்றார். நம் பஞ்சாங்கக் கணிப்புகள் கண்கூடான வானத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்கும் நம் நாட்டவர்க்கு இதன் சிறப்பு நன்கு விளங்கும். 1874ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளிக் கோள் ஞாயிற்றைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களும் அறிய வேண்டி, ஆங்கிலத்திலும் நாட்டு மொழிகளிலும் அவர் நூல் வெளியிட்டார். 1880இல் அவர் மறைந்தமை பொக்சனுக்குப் பேரிழப்பாயிற்று.

1868ஆம் ஆண்டு ஓகத்து 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணம் உலக அறிஞர்களை இந்தியாவுக்கு அழைத்தது. பொக்சன் மசூலிப்பட்டினத்தில் நின்று அதனை நோக்கினார். ஞாயிற்றின் விளிம்பில் எழுந்த சுடரின் நிறமாலையில் ஒரு மஞ்சட் கோட்டைக் கண்டு, அது சோடியத்தின் கோட்டோடு முற்றும் பொருந்தவில்லை என்பதையும் குறித்தார். அக்கோடு ஹீலியம் என்னும் புதிய தனிமத்தினுடையது என்பது பின்னர்த் துணியப்பட்டது; 1895இல் அத்தனிமம் மண்ணுலகிலும் கண்டெடுக்கப்பட்டது. எனினும் பொக்சனின் அறிக்கை ஐரோப்பிய அறிஞர் படிக்கும் ஏடுகளில் ஏறாமல் சென்னையளவிலேயே தங்கிவிட்டது. புகழ் பிறரைச் சார்ந்தது.

1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மற்றொரு முழுக் கிரகணம் தென்னிந்தியாவைக் கடந்தது. பொக்சன் கோயம்புத்தூர்ப் பகுதியிலுள்ள அவிநாசியில் முகாமிட்டார். அதே நிழல் கடல் தாண்டி நம் யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் மூடியது. இங்கிலாந்திலிருந்து வந்த குழுவினர் அவ்விரு இடங்களிலும் நின்று நோக்கினர் என்பது நம் நாட்டு வரலாற்றிலும் குறிக்கத்தக்கதொரு செய்தி.

தந்தியும் வால்வெள்ளியும்

அடுத்த ஆண்டில் நிகழ்ந்ததொன்று கதை போன்றது. பீலா என்னும் வால்வெள்ளி 1846இல் இரண்டாகப் பிளந்து, 1852இற்குப் பின் காணாமற் போயிருந்தது. 1872ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாளிரவு ஐரோப்பாவில் எரிமீன்கள் மழைபோற் சொரிந்தன. அவை பீலாவின் சிதறல்களே எனக் கருதிய யேர்மானிய அறிஞர் கிளிங்கர்பூசு, அவ்வால்வெள்ளி பூமியைத் தொட்டுச் சென்றிருக்குமாயின் தென்வானத்தில் எங்கே காணப்படும் என்று கணித்து, அதைத் தேடுமாறு சென்னையிலுள்ள பொக்சனுக்குத் தந்தி அனுப்பினார். சென்னையிலோ மாரிகாலம். முகில் சிறிது விலகிய போது குறித்த இடத்துக்கு அருகே உண்மையாகவே ஒரு வால்வெள்ளியை டிசம்பர் முதல் நாட்களில் அடுத்தடுத்து இருமுறை பொக்சன் கண்டார். மூன்றாம் முறை காணுதற்கு முகில் இடந்தரவில்லை. பாதையைத் துணிவதற்கு மூன்று நோக்குகளேனும் தேவை. ஆதலால் அவர் கண்டது எவ்வால்வெள்ளி என்பது இன்றளவும் துணியப்படவில்லை. அது பீலாவன்று என்பதே பிற்கால ஆய்வாளர் கருத்து. கண்டதை மிகைப்படுத்தாமல், இரண்டு நோக்குகளையும் உள்ளவாறே பதிந்து வைத்தது அவரது நேர்மைக்குச் சான்று.

பஞ்சமும் மழைக்கணக்கும்

வானாய்வு நிலையத்தின் கடமை விண்மீன்களோடு முடிந்ததன்று. மழை, காற்று, வெப்பம், வளியமுக்கம் ஆகியவற்றை நாள்தோறும் பதிவதும் அதன் பணி. 1876இற் பருவமழை பொய்த்து, 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியபோது, பெய்யாத மழையின் கணக்கும் நுங்கம்பாக்கத்து ஏடுகளில் ஏறிற்று. அப்பஞ்சத்துக்குத் தப்பி அவ்வாண்டுகளிற் பெருந்தொகையான மக்கள் கடல் கடந்து, இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்தனர். ஊவா மலைகளில் இன்று வாழும் பல குடும்பங்களின் முன்னோர் அவ்வழி வந்தவரே. ஏடுகளில் வெறும் இலக்கங்களாக நிற்பவை நம் பாட்டன்மாரின் பசியின் அளவாகவும் உள்ளன. நடந்து வந்த அம்மக்களும், நுங்கம்பாக்கத்திற் கண்விழித்திருந்த அவ்வறிஞரும் ஒரே வானத்தின் கீழேதான் இருந்தனர்.

மகளார் ஐசிஸ்

பொக்சனின் மனைவியார் 1869இற் காலமானார். தாயை இழந்த பிள்ளைகளுள் எலிசபெத் ஐசிஸ் என்பார் 1873 முதல் வானாய்வு நிலையத்திற் கணிப்பாளராகப் பணியேற்று, இருபத்தைந்து ஆண்டுகள் அங்கு உழைத்தார். 1881 முதல் சென்னை அரசாங்கத்தின் வானிலை அறிக்கையாளர் பொறுப்பும் அவருடையதாயிற்று. தம் மகளின் தகுதியை நன்குணர்ந்த பொக்சன் 1886இல் அவரை இலண்டன் வானநூற் கழகத்தின் உறுப்பினராக்குமாறு முன்மொழிந்தார். கழகத்தின் பட்டயத்தில் உறுப்பினர் ஆண்பாற் சொல்லாற் குறிக்கப்பட்டிருந்தமையாற் பெண்கள் சேர்தல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று வழக்கறிஞர் கூற, முன்மொழிவு மீளப் பெறப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து 1916இலேயே அக்கழகம் பெண்களுக்குத் தன் கதவைத் திறந்தது. ஐசிஸ் அம்மையார் 1920இல், அறுபது வயதைக் கடந்த பின்னர், உறுப்பினரானார். அதைக் காணத் தந்தையார் உயிரோடு இல்லை.

இறுதி நாட்கள்

1878இல் அரசு அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்ததாயினும், பொக்சனின் பிற்கால வாழ்வு இன்பம் நிறைந்ததன்று. உதவியாளர் குறைவு, பணமும் குறைவு. நோக்கிய விண்மீன்களின் கணிப்பை நிறைவு செய்து அச்சிடுவதற்குக் காலம் போதவில்லை. தாம் முழுதும் சரிபார்க்காத எதையும் வெளியிட அவர் உடன்பட்டாரல்லர். இது அவரது பெருமை. இதுவே அவரது குறையும் ஆயிற்று. மாறொளி மீன்களுக்கென அவர் தொடங்கிய படத்தொகுதியும் முற்றுப்பெறவில்லை. 1891ஆம் ஆண்டு யூன் மாதம், தமது அறுபத்திரண்டாம் வயதில், சென்னையிலேயே உயிர் நீத்தார். அந்நகர் மண்ணிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

1862 முதல் 1887 வரை அவரும் உதவியாளரும் நோக்கிய ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்களை, அவருக்குப் பின் பதவியேற்ற மைக்கி சிமித் ஒழுங்குசெய்து 1899இல் நூலாக்கினார். அவ்வாண்டிலேயே வானாய்வுப் பணி கொடைக்கானல் மலைக்கு மாறியது. இன்று சந்திரனின் மறுபுறத்திலுள்ள ஒரு கிண்ணக்குழியும், 1968இற் கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளும் பொக்சன் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

நண்பர்களே, பொக்சனிடம் பட்டம் இருக்கவில்லை, பெருங்கருவிகள் இருக்கவில்லை, அறிஞர் கூடும் அவைகளும் அண்மையில் இருக்கவில்லை. இருந்தவை கூர்ந்த கண்ணும், அயராத பொறுமையும், கண்டதைக் கண்டவாறே எழுதும் வாய்மையுமே. தலைநகரத்துக்குத் தொலைவில், மலைகளுக்கிடையே பிறந்து கற்கும் நம் இளைஞர் பலர், தம் இடம் சிறிது, தம் வசதி சிறிது என்று மனந்தளர்வதை நாம் அறிவோம். ஆறாந் தர மீனுக்கும் அளவுகோலில் உரிய இடம் உண்டு என்று காட்டியவர் பொக்சன். முதலாந் தரத்தை மட்டுமே எண்ணும் கல்வி முழுமையான கல்வியாகாது. மங்கித் தோன்றும் மாணவனையும் கூர்ந்து நோக்கி, அவனொளியை அளந்தறிந்து, ஏட்டிற் பதியும் ஆசிரியரைப் பெற்ற கல்லூரியே வளரும். நம் கல்லூரி அவ்வாறு மேன்மேலும் வளர்வதாக.